டிஜிட்டல் ரூபாய்: ஈரோடு, திருப்பூர் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

ஈரோட்டில் கடைகளுக்கும் தறிப் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பில் கட்டு வாங்கப் போகிற இடத்தில் முன்பெல்லாம் ஜிஎஸ்டி பற்றித்தான் கேட்பார்கள். இப்போது "ஆர்பிஐ விட்டிருக்கிற டிஜிட்டல் ரூபாய்" பற்றியும் கேட்கிறார்கள். மஞ்சள் வியாபாரி கேட்டாலும், திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர் கேட்டாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

நோட்டுத்தான் இருக்குதேங்க. அப்பறம் டிஜிட்டல் ரூபாய்னா என்னதுங்க?

அதே நோட்டின் இன்னொரு வடிவம். நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள்: இதை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்லியிருப்பார். அந்த உறுதி காகிதத்தில் இல்லாமல் உங்கள் செல்போனில் உள்ள பணப்பையில் (இனி 'பை' என்றே சொல்கிறேன்) இருந்தால் அது டிஜிட்டல் ரூபாய். மதிப்பில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது.

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தை 2022-ல் நிதிச் சட்டத்தின் மூலம் திருத்தி, 'பேங்க் நோட்' காகிதமாகவும் இருக்கலாம், டிஜிட்டலாகவும் இருக்கலாம் என்று சேர்த்தார்கள். 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வரம் ஆகிய நான்கு ஊர்களில் பொதுமக்களுக்கான சோதனை ஓட்டம் தொடங்கியது. அடுத்துச் சேர்ந்த ஒன்பது ஊர்களில் நமக்குப் பக்கம் கொச்சிதான். கோயம்புத்தூர் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பக்கம் விஷயம் தாமதமாகக் காதில் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜிபே, போன்பேல அனுப்பறோமே, அதும் இதும் ஒண்ணுதானுங்களே?

கைக்கு ஒன்று போலத்தான் தெரியும். போனை எடுக்கிறோம், ஸ்கேன் செய்கிறோம், பின் போடுகிறோம். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

யுபிஐயில் போவது பணம் அல்ல, தகவல். மளிகைக் கடையில் 600 ரூபாய் கட்டினால், "என் கணக்கில் 600 கழித்து அவர் கணக்கில் 600 சேர்" என்று உங்கள் வங்கிக்குச் சொல்கிறீர்கள். இரண்டு வங்கிகளும் தங்கள் ஏட்டைத் திருத்திக்கொள்கின்றன. அந்த இரண்டு வங்கிகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் பிறகு மொத்தமாக ரிசர்வ் வங்கியில் தீர்கிறது. கூகுள் பே, போன்பே எல்லாம் அந்தத் தகவலைக் கொண்டுபோகும் செயலிகள் மட்டுமே.

டிஜிட்டல் ரூபாயில் போவது பணமே. கல்லாவிலிருந்து நோட்டை எடுத்துக் கையில் கொடுப்பது போல, உங்கள் பையிலிருந்து அவர் பைக்கு அது நேராகப் போய்விடுகிறது. அதனால் உங்கள் பாஸ்புக்கில் ஒவ்வொரு டீக்கும் ஒரு வரி ஏறாது. வங்கிக் கணக்கிலிருந்து பைக்கு 2,000 மாற்றினீர்கள் என்ற ஒரு வரிதான் இருக்கும்.

பணம் பேங்க்ல இருந்தா என்ன, ஆர்பிஐல இருந்தா என்ன? எல்லாம் ஒரே பணந்தானுங்களே?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உங்கள் கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது என்றால், அந்த வங்கி உங்களுக்கு 40,000 கடன்பட்டிருக்கிறது என்று பொருள். பணம் பெட்டியில் உங்கள் பெயர் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அது கடனாகத் தறிக்காரருக்கோ வீடு கட்டுகிறவருக்கோ போயிருக்கும். வங்கி நன்றாக நடக்கிறவரை இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

நடக்காதபோது என்ன ஆகும் என்பதைக் கரூர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 1926-ல் கரூர் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி வாராக்கடனில் மூழ்கி, 2020 நவம்பர் 17 அன்று கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு. பத்து நாளில், நவம்பர் 27 அன்று அது சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் முழுதாகத் திரும்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பத்து நாள், கணக்கில் பத்து லட்சம் வைத்திருந்தவரும் 25,000 ரூபாய்க்காரர்தான். அதே நாட்களில் அவர் சட்டைப் பையில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது. ஏனென்றால் நோட்டுக்குப் பொறுப்பு ரிசர்வ் வங்கி.

டிஜிட்டல் ரூபாய் அந்தச் சட்டைப் பை நோட்டின் இனம். உங்களுக்குப் பை கொடுத்த வங்கிக்கு நாளைக்குச் சிக்கல் வந்தாலும், பைக்குள் இருப்பது அந்த வங்கியின் கடன் அல்ல, ரிசர்வ் வங்கியின் கடன். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டிஜிட்டல் ரூபாய்க்கு அந்தக் காப்பீடு தேவைப்படாததற்குக் காரணமும் இதுதான்.

அவ்வளவு பத்திரம்னா, கணக்குல இருக்கறதை எல்லாம் இதுக்கே மாத்திப்புடலாமுங்களா?

வேண்டாம். முடியவும் முடியாது. பைக்கு உச்ச வரம்பு உண்டு. எவ்வளவு என்பதைச் செயலியே காட்டும். வட்டியும் கிடையாது. வீட்டுப் பீரோவில் இருக்கும் நோட்டுக்கு எப்படி வட்டி இல்லையோ அப்படி.

வட்டி இல்லாமல் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ரிசர்வ் வங்கியே வட்டியும் கொடுத்து வரம்பும் வைக்காவிட்டால், எல்லாரும் வங்கியிலிருந்து பணத்தை எடுத்து இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். டெபாசிட் இல்லாத வங்கி யாருக்குக் கடன் கொடுக்கும்? சோமனூரில் தறி வாங்குகிறவருக்கும், நாமக்கல்லில் லாரி எடுக்கிறவருக்கும், காங்கேயத்தில் அரிசி ஆலை போடுகிறவருக்கும் கடன் போவது இந்த டெபாசிட்டிலிருந்துதான். அந்த ஊற்றை அடைத்துவிட்டுப் பத்திரமான பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும். வாராவாரம் கைச்செலவுக்கு எடுக்கிற தொகை மட்டும் இதில் இருந்தால் போதும்.

எந்த பேங்க்ல கெடைக்கும், எப்புடி ஆரம்பிக்கறதுங்க?

ஸ்டேட் பேங்க், எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, கனரா, யூனியன் பேங்க் போன்றவை கொடுக்கின்றன. 2025 மார்ச் நிலவரப்படி 17 வங்கிகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு வங்கிக்கும் தனிச் செயலி உண்டு. அந்த வங்கியில் கணக்கும், கணக்கோடு இணைத்த செல் எண்ணும், அந்த சிம் இருக்கிற ஸ்மார்ட்போனும் வேண்டும். செயலியைப் போனில் ஏற்றி, எண்ணைச் சரிபார்த்து, பின் வைத்து, கணக்கிலிருந்து பைக்குப் பணம் ஏற்ற வேண்டும். தேவையில்லாதபோது திரும்பக் கணக்குக்கே மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று: யாராவது அனுப்பிய லிங்க்கைத் தொட்டுச் செயலியை ஏற்றாதீர்கள். போனின் செயலிக் கடையில் வங்கியின் பெயரைப் பார்த்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் கிளைக்குப் போய்க் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ள பாத்தா அம்பது, நூறுன்னு நோட்டுப் படமாவே காட்டுது. 37 ரூபா குடுக்கோணும்னா சில்லறைக்கு எங்க போறதுங்க?

காகித நோட்டும் காசும் எந்த எந்த மதிப்பில் இருக்கின்றனவோ அதே மதிப்பில்தான் இதுவும் வெளியிடப்படுகிறது. 50 பைசா, ஒரு ரூபாயிலிருந்து 500 வரை. அதனால்தான் படமாகக் காட்டுகிறது. சில்லறையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தொகையைப் போட்டால் மீதியைச் செயலியே கணக்குப் பண்ணிக்கொள்ளும். சில்லறைக்குப் பதில் சாக்லேட் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கடையில ஒட்டியிருக்கற ஸ்கேனர் அட்டையே போதுங்களா, இதுக்குத் தனியா ஒண்ணு ஒட்டோணுமுங்களா?

இருக்கிற யுபிஐ அட்டையே போதும். 2023-லிருந்து இரண்டையும் இணைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் டிஜிட்டல் ரூபாய்ச் செயலியால் உங்கள் அட்டையை ஸ்கேன் செய்தால், அவர் பையில் கழிந்து உங்கள் வங்கிக் கணக்கில் சாதாரணப் பணமாக வந்து விழும். உங்களுக்குத் தனிப் பை தேவையில்லை.

இந்த இணைப்பு வசதிதான், ஆனால் இதில் ஒரு இழப்பும் இருக்கிறது. உங்களிடம் பை இல்லாதபோது பணம் உங்கள் கையில் வங்கிப் பணமாகவே சேர்கிறது. கரூர் கதையில் சொன்ன வித்தியாசம் உங்கள் பக்கத்தில் நிகழவே இல்லை. நோட்டாகவே வாங்கி நோட்டாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் வியாபாரியும் பை திறந்திருக்க வேண்டும்.

போன் தொலைஞ்சா பணமும் போச்சுங்களா?

போகாது. அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, வேறு போனில் செயலியை ஏற்றிச் சரிபார்த்தால் பையைத் திரும்பப் பெறலாம். தொலைந்த உடனே சிம்மை முடக்கச் சொல்வதும் வங்கிக்குத் தகவல் சொல்வதும் உங்கள் வேலை. பின் எண்ணைப் போன் உறையில் எழுதி வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

நெட் இல்லாமல் செலவு செய்வதற்கென்று போனுக்குள்ளேயே பூட்டி வைக்கிற தொகைக்கு மட்டும் இந்தப் பதிலை நம்பாதீர்கள். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பர்கூர், கடம்பூர் மலையில டவரே எடுக்காது. அங்க இது ஓடுமுங்களா?

ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். சாதாரண யுபிஐக்கு ஒவ்வொரு முறையும் வங்கியின் ஏட்டைத் தொட்டாக வேண்டும். கையில் இருக்கிற நோட்டுக்கு அந்தத் தேவை இல்லை. ஆகவே டிஜிட்டல் ரூபாய் நெட் இல்லாமலும் கை மாற முடியும். 2024 பிப்ரவரி நாணயக் கொள்கை அறிவிப்பில் ரிசர்வ் வங்கி இதைச் சொன்னது. 2025 அக்டோபரில் அறிமுகம் செய்தது. அதில் ஒரு வழி, என்எஃப்சி வசதி உள்ள இரண்டு போன்களை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்தாலே பணம் மாறுவது.

நெட் இல்லாதபோது ஒரே பணத்தை இரண்டு பேருக்குக் கொடுக்கிற திருட்டைத் தடுப்பது கடினம். பணம் போனுக்குள்ளேயே இருப்பதால் போன் போனால் அதுவும் போகக்கூடும். இந்த இரண்டு காரணத்துக்காகவும் இந்த வழியில் சின்னத் தொகைதான் பொருத்தம். மலையில் இருந்து சந்தைக்கு இறங்குகிறவர் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்கிற அளவு வைத்தால் போதும். விலை உயர்ந்த போன் இருப்பவருக்கு மட்டும் இந்த வசதி என்று நின்றுவிட்டால், யாருக்காக இதைச் செய்தார்களோ அவர்களுக்கே போய்ச் சேராது. தாளவாடியில் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு வழி வரும்வரை இந்த வேலை பாதிதான் என்பேன்.

தப்பான ஆளுக்கு அனுப்பிப்புட்டா திரும்ப வாங்க முடியுமுங்களா?

கையில் கொடுத்த நோட்டு எப்படியோ அப்படித்தான். வாங்கினவர் மனம் வைத்துத் திருப்பினால் உண்டு. அனுப்பும் முன் பெயரைப் படித்துப் பாருங்கள். ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் முக்கியம். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் பின் போட வேண்டியதே இல்லை. "பின் போட்டால் பணம் ஏறும்" என்று யார் சொன்னாலும் அது திருட்டு.

டிஜிட்டல் ரூபாயில பணம் போட்டா ஆறு மாசத்துல ரெட்டிப்பாகும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க. சேரலாமுங்களா?

சேராதீர்கள். நூறு ரூபாய் நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஆறு மாதத்தில் இருநூறாகுமா? இதுவும் நோட்டு. விலை ஏறாது, இறங்காது, வட்டி தராது. இதில் 'முதலீடு' என்ற பேச்சே இல்லை. பெருந்துறை பக்கம் 2012-ல் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது நிலத்தையும் நகையையும் விற்றுப் போட்டவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அன்று கோழியைக் காட்டினார்கள். இன்று ரிசர்வ் வங்கியின் பெயரைக் காட்டுகிறார்கள்.

பிட்காயினோடும் இதைக் குழப்ப வேண்டாம். பிட்காயினுக்கு யாரும் பொறுப்பில்லை. அதன் விலை தினமும் ஆடும். லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி. டிஜிட்டல் ரூபாய் நாட்டின் செலாவணி. கணக்கிலிருந்து பைக்கு மாற்றுவதற்கு வரி ஏதும் இல்லை.

மஞ்சள் ஏலத்துல வித்தா மொத்தமா லட்சக்கணக்குல வருது. அதை இதுல வாங்கலாமுங்களா?

இப்போதைக்கு இல்லை. பையின் வரம்பு சில்லறைச் செலவுக்கு வைத்தது. பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ ஈரோட்டு மண்டியிலோ விற்ற காசுக்கு, வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போதும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் 24 மணி நேரமும் ஓடுகின்றன. "லீவு, திங்கட்கிழமை போடறேன்" என்று வியாபாரி சொன்னால் அதற்கு வங்கி காரணம் இல்லை.

சனிக்கிழமை கூலியை இதுல குடுத்தா ஏத்துக்கோணுமுங்களா?

இதைக் கேட்டவர் திருப்பூரில் பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். கூலி கொடுப்பதை முறைப்படுத்தும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாணயம், நோட்டு, காசோலை, வங்கிக் கணக்கு, மின்னணு வழி என்று எல்லாவற்றையும் அது அனுமதிக்கிறது. அதனால் கொடுப்பது தப்பில்லை.

ஆனால் காண்ட்ராக்டர்களுக்கு நான் சொல்வது, தொழிலாளியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்குகிறவர் அந்த இரவே மளிகை பாக்கி, வாடகை, சீட்டுப் பணம் கட்டுகிறார். ஏலச்சீட்டு நடத்துகிறவர் ரொக்கம்தான் கேட்பார் என்றால் இவருக்கு இது கூடுதல் அலைச்சல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஊரில் வீட்டுக்கு அனுப்ப யுபிஐ ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. இதனால் பெரிதாகக் கூடப்போவது இல்லை. யாருக்கு உதவும் என்றால், கணக்கில் பணம் விழுந்ததும் கடன் தவணைக்கோ குறைந்தபட்ச இருப்பு அபராதத்துக்கோ வங்கி பிடித்துக்கொள்கிறது என்று அஞ்சுகிறவருக்கு. பைக்கு வருகிற பணம் அந்தக் கணக்கைத் தொடாமல் வருகிறது.

பாஸ்புக்குல ஏறாதுன்னு சொன்னீங்களே, அப்போ ஜிஎஸ்டிக்காரங்களுக்குத் தெரியாதுங்களா?

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: விற்றது விற்றதுதான். பணம் எந்த வடிவில் வந்தது என்பதை வைத்து வரி மாறாது. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவை செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ரொக்கமாக வாங்கினாலும் இதுதான் கணக்கு.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. காய்கறி, பால் விற்றவர்களுக்கும் போனது. பெங்களூரில் பலர் ஸ்கேனர் அட்டையைக் கிழித்தார்கள். வரியில்லாப் பொருள் விற்பவர், என்ன விற்றோம் என்பதற்குக் கொள்முதல் சீட்டை வைத்திருந்தால் நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்லிவிடலாம். அட்டையைக் கிழிப்பதைவிட ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினசரி எழுதி வைப்பது நல்லது.

நான் என்ன வாங்கறேன், யாருக்குக் குடுக்கறேன்னு கவர்மெண்டு பாத்துக்கிட்டே இருக்குமுங்களா?

காகித நோட்டு போல முழு மறைவு இதில் இல்லை. பை உங்கள் பெயரில், உங்கள் சிம்மில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலின் தடம் எங்கோ பதிவாகிறது. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துக் குறிப்பில், சின்னத் தொகைக்கு மறைவும் பெரிய தொகைக்குத் தடமும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சொன்னது. நியாயமான எண்ணம்தான். ஆனால் குறிப்பில் எழுதினால் போதாது. 'இந்தத் தொகைக்குக் கீழ் யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் தண்டனை' என்று சட்டத்தில் எழுத வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. ஒரு பெண் தன் கூலியில் எந்த டாக்டரிடம் போனார், யாருக்குக் கைமாத்துக் கொடுத்தார் என்பது அவர் சொந்த விஷயம். அப்படி ஒரு சட்டப் பிரிவு வரும்வரை, மறைவாக இருக்க வேண்டிய செலவுக்கு நோட்டே நல்லது.

பணத்துக்கே 'இதுக்கு மட்டுந்தான் செலவு பண்ணோணும்'னு கட்டளை போட முடியுமாமே, நெசமுங்களா?

நிஜம். ஸ்டேட் பேங்க் ஒடிசாவிலும் ஆந்திராவிலும் தேர்ந்தெடுத்த கிராமங்களில் குத்தகை விவசாயிகளுக்கு இப்படிக் கடன் கொடுத்துப் பார்த்தது. விதை, உரம் போன்ற இடுபொருள் வாங்க மட்டுமே அந்தப் பணம் செல்லும். நிலம் தன் பெயரில் இல்லாததால் கடன் கிடைக்காதவருக்கு, பணம் பயிருக்குத்தான் போகிறது என்ற உறுதியைக் காட்டிக் கடன் வாங்கித் தருகிற வழி இது. பவானிசாகர் பாசனத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கும் குத்தகைக்கும் ஓட்டுகிற எத்தனையோ பேருக்கு இது கதவைத் திறக்கும். இதை நான் வரவேற்கிறேன்.

அதே கருவியைக் கூலியில் வைத்தால் கொடுமையாகிவிடும். 'இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும், இந்த மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும்' என்று உழைத்த காசுக்குக் கட்டளை போட யாருக்கும் உரிமை இல்லை. மானியமும் கடனும் கொடுப்பவர் நிபந்தனையோடு வரலாம். சம்பாதித்த பணம் நிபந்தனை இல்லாமல் வர வேண்டும். உங்கள் பைக்கு நிபந்தனைப் பணம் வருகிறது என்றால் அது முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா, நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க மறுக்கலாம்.

நோட்டை ஒழிக்கறதுக்கு இதுதான் முதல்படின்னு பேசிக்கறாங்களே?

எண்ணைப் பாருங்கள். 2025 மார்ச் முடிவில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாய் 1,016 கோடி. காகித நோட்டு 36 லட்சம் கோடிக்கும் மேல். பத்தாயிரம் ரூபாய் நோட்டுக்கு எதிரே டிஜிட்டல் மூன்று ரூபாய்கூட இல்லை. நோட்டோடு சேர்ந்து இருப்பதற்குத்தான் இது என்று ரிசர்வ் வங்கியும் சொல்கிறது. 2023 டிசம்பரில் ஒரே நாளில் பத்து லட்சம் பரிவர்த்தனை நடந்தது. ஊக்கத்தொகையும், ஊழியர் படிகளை இதில் போட்டதும் பின்னால் இருந்தன. அடுத்த ஆண்டு எண்ணிக்கை சரிந்தது. தள்ளிவிட்டால் ஓடாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

2016-ல ராத்திரியோட ராத்திரியா செல்லாதுன்னாங்களே. இதுக்கும் அப்புடிப் பண்ணுவாங்களா?

சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்டால், கொடுக்கிறது. 2016 நவம்பர் 8 அறிவிப்பு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ் வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. 2022 திருத்தம் டிஜிட்டல் நோட்டுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிய பிரிவுகளில், கிழிந்த, தொலைந்த நோட்டைப் பற்றிய 28-ஆம் பிரிவு இருக்கிறது, 26 இல்லை. சட்டப்படி செல்லுபடியாவதும் அந்த 26-ஆம் பிரிவிலிருந்துதான் வருகிறது, நிறுத்தும் அதிகாரமும் அதிலிருந்துதான் வருகிறது.

நடைமுறையில் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று நம்மைக் கொன்றது வரிசை. நோட்டு யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் வங்கி வாசலில் நிற்க வேண்டியிருந்தது. திருப்பூரில் வாரக்கூலி கொடுக்க ரொக்கம் இல்லாமல் கூலி தள்ளிப் போனது. பையில் இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்குக்கு மாற்றலாம். ஆனால் பையை ஒருவர் விருப்பப்படி முடக்க முடியும் என்ற பயம் வேறு பயம். அதற்கு மருந்து, அந்தரங்கம் பற்றிய பதிலில் கேட்டது போன்ற சட்டப் பாதுகாப்புத்தான்.

யுபிஐயே நல்லா ஓடுது. அப்பறம் ரிசர்வ் வங்கி ஏனுங்க இத்தனை மெனக்கெடுது?

எனக்குப் படுகிற முதல் காரணம்: நோட்டுப் புழங்குவது குறைந்துகொண்டே போனால், ரிசர்வ் வங்கி நேராகப் பொறுப்பேற்கிற பணம் சாமானியன் கைக்கு வருகிற வழி அடைந்துபோகும். மிஞ்சுவது வங்கிப் பணமும் தனியார் பணமும்தான். ஒரு நாட்டில் மக்கள் எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனியின் வாக்குறுதியை மட்டும் கையில் வைத்திருக்கும் நிலை வரக்கூடாது. டாலர் மதிப்போடு கட்டிய தனியார் டிஜிட்டல் நாணயங்கள் போனுக்குப் போன் பரவுகிற காலத்தில் இந்தக் கவலை கூடியிருக்கிறது.

முந்திக்கொண்ட நாடுகளும் உண்டு. பஹாமாஸ் 2020 அக்டோபரில், நைஜீரியா 2021 அக்டோபரில் தொடங்கின. நைஜீரியாவில் மக்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அரசு வெளியிட்டது என்பதற்காக மட்டும் யாரும் மாறமாட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு காரணம் திருப்பூருக்கு நேராகத் தொடர்புள்ளது. பனியன் ஏற்றுமதிக்கான பணம் வெளிநாட்டு வங்கி, இடையில் ஒன்றிரண்டு வங்கி என்று கை மாறி, ஒவ்வொரு கையிலும் கட்டணம் கழிந்து, சில நாள் கழித்து வருகிறது. இரண்டு நாட்டு மத்திய வங்கிகளின் டிஜிட்டல் பணம் நேருக்கு நேர் மாறினால் அந்த இடைக்கைகள் குறையும். இதற்காக 2023 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய வங்கியோடு ஒப்பந்தம் செய்தது. இது வங்கிகளுக்கு இடையில் நடக்க வேண்டிய வேலை. உங்கள் போனில் இருக்கும் பையால் துபாய்க்காரரிடம் பணம் வாங்க முடியாது. ஏற்றுமதி செய்கிறவர்கள் இப்போதைக்கு வங்கி வழியாகவே போகட்டும். 'டிஜிட்டல் ரூபாயில் உடனே செட்டில் பண்ணுகிறேன்' என்று வெளிநாட்டு வாங்குநர் எவராவது சொன்னால், சரக்கை ஏற்றும் முன் வங்கிக் கிளையில் அன்னியச் செலாவணிப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.